ஒன்பது வாட் சமாதானம்

டிசம்பர் 3, ஞாயிறு

கிப்சன் ஐயர் எங்கள் சபைக்குப் போதகராக வந்து ஆறு மாதம் முடியவில்லை. அதற்குள் நேசபுரத்தைத் திருத்திவிடலாம் என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. முப்பது வயது இருக்கும். கிட்டார் வாசிப்பார். இன்று கிறிஸ்துமஸை எதிர்நோக்கும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு என்பதால் பிரசங்கம் முழுக்கச் சமாதானம். சமாதானம் பண்ணுவது பிஷப் வேலை இல்லை, கமிட்டி வேலை இல்லை, இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருடைய சொந்த வேலை என்று முழங்கினார். ஜனங்கள் தலையாட்டினார்கள். எங்கள் ஜனம் எதற்கும் தலையாட்டும். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்துச் சண்டை போடும். இன்றும் போட்டது.

பிரசங்கத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு திட்டமும் வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு காகித நட்சத்திரம் சபை கொடுக்கும். வயர் உண்டு, ஹோல்டர் உண்டு, பல்பு கிடையாது. பல்பை நாமே வாங்கி மாட்டக் கூடாது. நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் கொண்டுவந்து தர வேண்டும், நாமும் அவருக்கு ஒன்று தர வேண்டும். "பண்டிகைக்குள்ள ஊரே எரியணும்" என்றார். எரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆராதனை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இதுக்கு நீங்கதான் பொறுப்பு. வீடு வீடாப் போய் ஜனங்களைத் தூண்டிவிடணும்."

"சண்டைக்கா?"

"சமாதானத்துக்கு. உங்களைக் கண்டா எல்லாருக்கும் ஒரு பயம் இருக்குல்லா."

பயத்தில் வருகிற சமாதானத்தைத்தான் நான் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் நடத்தினேன். அதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், இருபத்தாறாம் தேதி ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு முன்னால் சமாதான விழா என்று ஒன்று வைக்கிறார்களாம். அதில் சிறப்புப் பேச்சு நான்.

என் வாசலில் நட்சத்திரம் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டிலும் கட்டியிருக்கிறாள், துணி காயப்போடுகிற கயிற்றில், கோணலாக.

டிசம்பர் 4, திங்கள்

பக்கத்து வீடு என்று எழுதினேன். அது என் தங்கை சலோமி வீடு. அப்பா கட்டிய ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியது. பதினோரு வருடமாக நானும் அவளும் பேசுவதில்லை. இதைச் சண்டை என்று சொல்லக் கூடாது. சண்டை என்றால் இரண்டு பேரும் பேச வேண்டும்.

அம்மா மாசி மாதத்தில் இறந்தாள். நான் அப்போது திண்டுக்கல் பக்கம் தலைமையாசிரியை. நான் வந்து சேருமுன் பெட்டியை மூடி அடக்கத்தை முடித்துவிட்டாள் சலோமி. மூத்த மகள் பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கோவில்பட்டியில் பஸ் பழுதாகிவிட்டது, அது ஊருக்கே தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க முடியாதா? கல்லறையில் ஈர மண்ணைத்தான் பார்த்தேன். இதை எந்தக் காகித நட்சத்திரமும் சரிசெய்யாது.

காலையில் வேதமாணிக்கம் கடைக்குப் பருப்பு வாங்கப் போனேன். ஊர்ச் செய்தியைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கிற மனிதர்.

"டீச்சர், சின்னவங்க மகன் ஆஸ்டின் இருபத்தாறாந்தேதி கார் கொண்டு வாரானாம். அம்மாவை ஓசூருக்கே கூட்டிட்டுப் போயிருதானாம். மூட்டுவலியோட தனியா கெடந்து கஷ்டப்படுதாவல்லா. வீட்டையும் வித்துருவாவளாம். உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றேன். தெரியாது.

நல்லது. சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல் சத்தம் குறையும். விடியுமுன் எழுந்து பாத்திரத்தை உருட்டுவதும் குறையும். எனக்கு நிம்மதியான தூக்கம்.

டிசம்பர் 6, புதன்

சமாதானத் தூது தொடங்கியது. முதல் வீட்டிலேயே ரத்தினபாயும் மங்களமும் ஆளுக்கொரு பல்பைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள். இரண்டு பேரும் ஒரு வாழைப்பழத்தைப் பாதியாகப் பிய்த்துத் தின்கிற சிநேகிதிகள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்ப சண்டை போட்டீங்க?"

"காலைலதான் டீச்சர்" என்றாள் ரத்தினபாய். "இதுக்குன்னே போட்டோம்."

"என்ன சண்டை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதை இன்னும் முடிவு பண்ணலை டீச்சர்" என்றாள் மங்களம்.

அடுத்த வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிற தம்பியோடு வீடியோவில் ராசியாகிவிட்டாராம். பல்பை அவன் ஆன்லைனில் அனுப்பினால் செல்லுமா என்று கேட்டார். அதற்கடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் பல்பு கொடுத்துக்கொண்டார்கள். "எங்க சண்டை ஊருக்கே தெரியும்லா டீச்சர்" என்றார் புருஷன் பெருமையாக. இன்று நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

மாலைக்குள் பாதித் தெரு எரிந்துவிட்டது. உண்மையில் யாரோடு பேச்சு இல்லையோ அவர்களைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி உலகத்தோடு சமாதானமாகிவிட்டார்கள் எங்கள் கிறிஸ்தவர்கள். வேதமாணிக்கம் கடையில் பல்பு தீர்ந்து, திருநெல்வேலியிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்திருக்கிறார்.

"உங்க நட்சத்திரத்துக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா டீச்சர்?" என்றார்.

எனக்கு யாரோடும் சண்டை இல்லை என்று சொன்னேன். அரிசியை நிறுத்துக்கொண்டே சிரித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அரிசியில் கல்.

டிசம்பர் 8, வெள்ளி

விழாப் பேச்சை எழுத உட்கார்ந்தேன். 'சமாதானம் என் வாசலில் தொடங்குகிறது.' ஐயர் கொடுத்த தலைப்பு. எனக்கென்ன, எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பேசுவேன்.

என் பேச்சுகளிலேயே சிறந்தது எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழாவில் பேசியது. மாசி வெயில், பந்தல் கொள்ளாத கூட்டம், மேடையில் பிஷப், கலெக்டர். பள்ளிக்கூடத்தைத் தாய்மடி என்று தொடங்கி, கடைசி வரை அந்த ஒரே உவமையிலேயே கொண்டுபோனேன். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பெற்றோர் சிலர் அழுதார்கள். அப்படி ஒரு பேச்சு எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. இறங்கியதும் கிளம்ப வேண்டியிருந்ததால் விருந்தில்கூட உட்காரவில்லை.

இன்று நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

பொன்னுத்துரை சபைச் செயலாளர். அருமைநாயகம் அவரிடம் தேர்தலில் தோற்றவர். அதிலிருந்து இரண்டு பேரும் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வந்தாலும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டதில்லை. ஊரில் பாதி இவர் கட்சி, பாதி அவர் கட்சி. இன்று ஆராதனை முடிவில் பீடத்துக்கு முன்னால் நின்று, கல்யாணத்தில் மாலை மாற்றுவதுபோலப் பல்பு மாற்றிக்கொண்டார்கள். கைதட்டல். போட்டோ. ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதர் அடிக்கடி கண்ணைத் துடைக்கிறார். எங்கள் ஊரில் போதகராக இருப்பதற்கு அது சரிப்படாது.

சமாதானம் மதியச் சாப்பாடு வரைக்கும் நீடித்தது. அருமைநாயகம் வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்தால், அது ஜீரோ வாட் பல்பு. அவர் கொடுத்ததோ ஒன்பது வாட் எல்.இ.டி.

"நான் அவனுக்குப் பளீர்னு வெளிச்சம் குடுத்தேன், அவன் எனக்குக் கக்கூஸ் பல்பு குடுத்திருக்கான்" என்று நடுத்தெருவில் நின்று கத்தினார்.

பொன்னுத்துரையும் வாசலுக்கு வந்தார். "நட்சத்திரத்துக்கு ஜீரோ வாட்டுதான் போடுவாவ. இவரு வீட்டுல என்ன கோழிப்பண்ணையா வச்சிருக்காரு?"

ஐயர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. இப்படி ஒரு காட்சியை விட்டால் பிறகு கிடைக்காது.

டிசம்பர் 12, செவ்வாய்

அவசரக் கமிட்டி. கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். விவாதம் மாலை முழுக்க நடந்தது. தீர்மானம்: சமாதானத்துக்காகக் கொடுக்கப்படும் பல்பு ஒன்பது வாட்டுக்குக் குறையக் கூடாது. இப்படி ஒரு தீர்மானத்தைத் திருச்சபை தோன்றிய நாள்முதல் எந்தச் சங்கமும் நிறைவேற்றியிருக்காது. வெள்ளை வெளிச்சமா மஞ்சள் வெளிச்சமா என்பதில் முடிவு எட்டப்படவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

"வீடு வீடா ஆள் அனுப்பி அளந்து பாத்துரலாமே" என்றேன் எரிச்சலில். நான் கிண்டல் செய்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு எலக்ட்ரீஷியனை நியமித்துவிட்டார்கள்.

குழந்தை இயேசுவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அஜெண்டாவில் இல்லை.

டிசம்பர் 14, வியாழன்

பக்கத்து வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சுகிறாள். முறுகிவிட்டது, வாசனையிலேயே தெரிகிறது. அம்மா சொல்லிக்கொடுக்கும்போது கவனித்திருக்க வேண்டும். அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடக்கையில் இடது காலை இழுக்கிறாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. தரையில் செருப்பு உரசுகிற சத்தம் கேட்கிறது.

டிசம்பர் 15, வெள்ளி

தேவகிருபை வீட்டு நட்சத்திரம் இருட்டாகக் கிடந்தது. கேட்கப் போனேன். அவளுடைய மருமகள் இவளைப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்தவள். இப்போது மகனும் மருமகளும் கீழத்தெருவில் தனியாக இருக்கிறார்கள்.

"நான் பல்பைக் கொண்டுபோனேன் டீச்சர். கதவைத் திறக்கலை. வாசப்படியில வச்சுட்டு வந்துட்டேன்."

"அவ உனக்குத் திருப்பித் தந்தாளா?"

"இல்ல."

"அப்ப உன் நட்சத்திரம் எரியாது, தெரியும்லா?"

"அங்க எரியுதுல்லா" என்றாள். "நேத்து சாயங்காலம் போய் தெருமுனையில நின்னு பாத்தேன். மாட்டியிருக்கா."

ஏமாளி. ஊருக்கே கோமாளி. இவளுக்குத் திட்டமே புரியவில்லை. எதிராளி பல்பு தந்தால்தான் நம் வாசல் எரியும் என்று ஐயர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் நான்கு வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

அளக்கப் போன எலக்ட்ரீஷியன் பொன்னுத்துரையின் மச்சினன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அருமைநாயகம் கட்சிக்காரர்கள் இன்று கூண்டோடு பல்பைக் கழற்றி, சாக்கில் கட்டி, பொன்னுத்துரை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். பதிலுக்கு இவர் கட்சியும் கழற்றிவிட்டது. ரத்தினபாயும் மங்களமும் இப்போது உண்மையாகவே பேசுவதில்லையாம், ஒருத்தி அந்தக் கட்சி, ஒருத்தி இந்தக் கட்சி. சண்டைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அசனத்துக்கு இரண்டு பந்தி, இரண்டு அண்டா வேண்டும் என்று கோரிக்கை வந்திருக்கிறது. இந்தத் திட்டம் வருமுன் ஒரே பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சாப்பிட்டார்கள்.

டிசம்பர் 19, செவ்வாய்

ஐயர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, தெரு இருட்டாயிட்டு."

"பழைய இருட்டுதான ஐயரே. புதுசா ஒண்ணும் ஆகலை."

"நான் தோத்துட்டேனோ?"

"நீங்க ஜெயிப்பீங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

சிரித்தார், பாவம். எழுந்து வாசலுக்குப் போனவர் என் நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்து நட்சத்திரத்தையும் பார்த்தார்.

"இந்த ஊர்ல பொய்ப் பல்பு மாட்டாதது இந்த ரெண்டு வீடும் தேவகிருபையம்மா வீடும்தான். எனக்கு இனி இதுங்க மேலதான் நம்பிக்கை."

"எனக்கு யாரோடயும் சண்டை இல்ல ஐயரே."

"அப்ப ரொம்ப நல்லது. வேலை சுலபமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் நினைத்த அளவுக்கு இந்தப் பையன் அப்பாவி இல்லை.

டிசம்பர் 21, வியாழன்

வேதமாணிக்கம் கடையில் ஒன்பது வாட் பல்பு ஒன்று வாங்கினேன். குளியலறைக்கு.

டிசம்பர் 22, வெள்ளி

குளியலறை பல்பு நன்றாகத்தான் எரிகிறது.

டிசம்பர் 24, ஞாயிறு

சமாதானத் தூதுவர் வாசலே இருட்டாக இருந்தால் மேடையில் எந்த முகத்தோடு ஏறுவது? பேச்சுக்காகத்தான் போனேன். வேறு எதற்காகவும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே போனேன். சலோமி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமாகச் சுவருக்கு மேலே தலையைத்தான் பார்த்திருக்கிறேன். முழு ஆளாகப் பார்த்தால் ரொம்பச் சிறுத்துப்போயிருந்தாள்.

"வா அக்கா" என்றாள். நேற்று வந்துவிட்டுப் போனவளிடம் சொல்வதுபோல இருந்தது.

நான் உட்காரவில்லை. "சலோமி, அம்மா காரியத்துல நீ எனக்குச் செஞ்சதை நான் மன்னிச்சுட்டேன். இந்தா பல்பு."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். "ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்கழிச்சுப் போயிருவேன், அதுக்காகத்தான். உன்னைக் குத்தம் சொல்லணும்னு இல்ல."

"சொல்லு."

"அன்னைக்கு விடியக்காலம் நான் போன் பண்ணப்ப, இந்தா கிளம்பிட்டேன்னு சொன்ன. எதுவரைக்கும் வந்திருக்கன்னு கேக்க முற்பகல்ல திரும்பப் பண்ணேன். உன் செல்லை எடுக்கலை. ஸ்கூல் நம்பருக்குப் பண்ணேன். வாட்ச்மேன் எடுத்தாரு. ஹெச்.எம். அம்மா மேடையில பேசிக்கிட்டு இருக்காங்க, கேக்குதா பாருங்கன்னு போனை ஜன்னல் பக்கம் நீட்டினாரு. கேட்டுச்சு அக்கா. அம்மா தலைமாட்டுல உக்காந்துதான் கேட்டேன். தாய்மடின்னு பேசின. எல்லாரும் கைதட்டுனாவ."

தெருவில் யாரோ ஓலை வெடி போட்டார்கள். அவள் தொடர்ந்து பேசினாள்.

"அன்னைக்கு ஐஸ் பெட்டி கிடைக்கலை. நாலு மணி வரைக்கும் மல்லுக்கட்டி நிப்பாட்டி வச்சேன். அதுக்கு மேல ஊர்ல ஒத்துக்கலை. பெரியவ எங்க, பெரியவ எங்கன்னு ஆளாளுக்குக் கேட்டாவ. கோவில்பட்டியில பஸ் கெட்டுப்போச்சாம்னு நான்தான் சொன்னேன்."

அன்று தெருமுனையில் நான் இறங்கியதும் எதிரே வந்த முதல் ஆள் "பஸ் கெட்டுப்போச்சாமே டீச்சர்" என்றுதான் கேட்டார். ஆமா என்றேன்.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?" குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யார்ட்ட? ஊர்லயா? சொன்னா நீ ரிட்டயர்டு ஆகி இங்க வந்து தலைநிமிந்து நடக்க முடியுமா? உன்ட்ட சொன்னா, எனக்குத் தெரியும்ங்கிறதுக்காகவே நீ ஊருக்கு வந்திருக்க மாட்ட. என் மேல கோவமா இருந்தா, சுவருக்கு அந்தப் பக்கமாவது இருப்பன்னு நெனச்சேன்."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பல்பை எடுத்துவந்தாள். அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"ஐயர் சொன்ன மறுநாளே வாங்கினது. சுவர் மேல வச்சுட்டு வந்துரலாம்னு ரெண்டு மூணு தடவை வந்தேன். நீ திட்டுவியோன்னு திரும்பிட்டேன்."

வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். மனப்பாடம் செய்ததை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தேன்.

"எத்தனை வாட்?" என்று கேட்டேன்.

"ஒம்பது" என்றாள். "தீர்மானம் வருமுன்னயே ஒம்பதுதான் வாங்கினேன்."

அவள் சிரித்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. பல்பு எரிகிறது.

டிசம்பர் 25, திங்கள்

பண்டிகை. விடியற்காலை ஆராதனையில் திருவிருந்து. வழக்கம்போல இரண்டு கட்சிக்கும் இரண்டு வரிசை. சலோமிக்கு முழங்கால் மடக்க முடியாது, நின்றுகொண்டே வாங்கினாள். நானும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். எனக்கு முழங்காலில் ஒன்றும் கோளாறு இல்லை. ஊர் பார்த்தது. பார்க்கட்டும்.

முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தாள். பாகு முறுகித்தான் இருக்கிறது. கடிக்கவே முடியவில்லை. ஆறு தின்றேன்.

மத்தியானம் நாளைய பேச்சை எடுத்துப் படித்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத பேச்சு. நல்ல தமிழ் படித்த எவளோ எழுதியிருக்கிறாள்.

டிசம்பர் 26, செவ்வாய்

முதலில் ஊர்ச் செய்தி. அசனத்தில் கேட்டபடியே இரண்டு பந்தி, இரண்டு அண்டா. பாதியில் அருமைநாயகம் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டதாம். எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டு கௌரவமாக வெறும் சோற்றைத் தின்றார்களாம். கடைசியில் தேவகிருபை எழுந்து, பொன்னுத்துரை அண்டாவிலிருந்து யாரையும் கேட்காமல் ஒரு வாளி மொண்டு கொண்டுபோய் ஊற்றினாளாம். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். சாம்பார் எத்தனை வாட் என்று கமிட்டி கேட்டதா என்று தெரியவில்லை.

நான் அங்கே இல்லை. வேதமாணிக்கம் வந்து சொன்னார்.

இனி அசனத்துக்கு முன்னால் நடந்தது. சமாதான விழாவுக்கு எங்கள் சபைக் கோயில் வளாகத்தில் பந்தல். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். பொன்னுத்துரை வரவேற்றார், வரவேற்றுக்கொண்டே இருந்தார். அவர் பேசியதால் அருமைநாயகமும் பேச வேண்டியதாயிற்று. மேடையிலிருந்து பார்த்தால் எங்கள் தெரு நேராகத் தெரியும். சலோமி மகன் ஆஸ்டின் தன் காருக்கு மேலே பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகுதான் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார்கள். மழை வரும்போல இருந்ததால் அவசரப்பட்டுவிட்டான்.

சலோமி வாசலைப் பூட்டினாள். ஐயர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். கைதட்டல். நல்ல கைதட்டல்தான், குறை சொல்வதற்கில்லை. ஏழு பக்கத்தை எடுத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். கார்க் கதவைத் திறந்து பிடித்தான் ஆஸ்டின்.

"என் தங்கச்சி ஊருக்குப் போறா" என்றேன். "நான் போய் வழியனுப்பணும்."

இறங்கினேன். பொன்னுத்துரை படியில் மறித்தார். "என்ன டீச்சர் இது, பெரிய மனுஷங்க உக்காந்திருக்காவ. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிரப் போவுது?"

இதே கேள்வியை இன்னொரு பந்தலிலும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஏழு பக்கத்தையும் அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே வாசிச்சிருங்க. உங்களுக்கு உபயோகப்படும்."

அறுபத்து நான்கு வயதில் நடுத்தெருவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எதிரில் இரண்டு பேர் வந்தார்கள். என்ன நினைத்தார்களோ. கார் நகரத் தொடங்கியிருந்தது. ஆஸ்டின் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினான்.

எனக்கு மூச்சு வாங்கியது. சலோமி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொன்னால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. பிறகு அழுதுவிட்டேன்.

"பேசிக்கிட்டு இருந்தியேக்கா" என்றாள்.

"இல்ல. பேசலை."

"பேசின" என்றாள். "ஸ்பீக்கர்ல கேட்டுச்சு."

கார் போய்விட்டது.

அவள் வாசல் நட்சத்திரத்தை அணைக்க மறந்துவிட்டாள். சுவிட்ச் உள்ளே இருக்கிறது, வீடு பூட்டிக்கிடக்கிறது. பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கிறது, வெட்டியாக. வீடு விற்கும்வரை கரண்டு பில்லை யார் கட்டுவது? நான்தான் கட்டுவேன்.

என்னுடையதையும் அணைக்கவில்லை.